பசுமைக்குடில் சூடேற்றம்: விவசாயியின் தயக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்ப் பகுதிகளில் பசுமைக்குடில்களைச் சூடேற்ற எரிக்கப்படும் நிலக்கரி, எண்ணெய், இயற்கை எரிவாயு பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்து சேர்கிறார்கள்: மாற்று வழிகள் தயாராக இருக்கின்றன, விவசாயிகளின் மனப்பான்மைதான் மாறவில்லை, ஆகவே விழிப்புணர்வு முகாம்களை அதிகப்படுத்த வேண்டும். பசுமைக்குடில்களின் வெப்ப அமைப்புகளோடு தொழில்முறையில் நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. விவசாயி தயங்குவது உண்மைதான். அந்தத் தயக்கத்தின் பெரும்பகுதி, உறைபனி இரவொன்றில் தன் பயிருக்கு என்ன நேரும் என்பதை அவர் நன்கு அறிந்திருப்பதால் வருகிறது. மீதியுள்ள பகுதி பழக்கத்தால் வருவது. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். அவை இல்லாமல் மனப்பான்மையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. குளிர் நாடுகளின் பசுமைக்குடில்களில் செலவாகும் மொத்த ஆற்றலில் பெரும்பகுதி சூடேற்றத்துக்கே போகிறது. கூலிக்கு அடுத்த பெருஞ்செலவு பல இடங்களில் அதுதான். ஒற்றைக் கண்ணாடி வேய்ந்த கூரை, உள்ளும் புறமும் 1 டிகிரி வேறுபாடு இருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 6 வாட் வெப்பத்தை வெளியே விடும். 1 ஹெக்டேர் குடிலுக்குக் கூரையும் பக்கச் சுவர்களும் சேர்ந்து 12,000 சதுர மீட்டர் என்றும், உள்ளே 18 டிகிரி, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால், இழப்பு 1,440 கிலோவாட் ஆகிறது. அப்படிப்பட்ட இரவு 12 மணி நேரம் நீடித்தால் 17,000 கிலோவாட் மணிக்கும் அதிகமான வெப்பம் வேண்டும். கொதிகலனில் வீணாவதைக் கணக்கில் சேர்க்காமலே 1,700 கன மீட்டர் இயற்கை எரிவாயு. ஒரே இரவுக்கு, ஒரே ஹெக்டேருக்கு. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காத விவசாயிகூட எரிபொருள் ரசீது வழியாக அதைப் பல குளிர்காலங்களாகப் படித்துவந்திருக்கிறார். ஆற்றலைச் சேமிக்க வேண்டும் என்பதை அவருக்கு முகாம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அவர் அஞ்சுவது வேறொன்றுக்கு. குடிலுக்குள் இருக்கும் காற்று வெப்பத்தைப் பிடித்து வைக்கும் திறன் மிகக் குறைவு. மெல்லிய கூரைக்கும் அந்தத் திறன் அதிகமில்லை. சூடேற்றும் அமைப்பு நின்றுபோனால், கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய வீடு விடியும்வரை ஓரளவு தாங்கும். குடிலோ சில மணி நேரத்தில் வெளியின் குளிரை நெருங்கிவிடும். தக்காளியும் வெள்ளரியும் 10 டிகிரிக்குக் கீழே சிலகாலம் நின்றாலே வளர்ச்சி குன்றுகின்றன. உறைநிலையைத் தொட்டால் செடியே போய்விடும். மாதக்கணக்கில் வளர்த்த பயிரின் முழு வருவாயும் ஒரு இரவின் தடங்கலுக்கு ஆட்பட்டிருக்கும்போது, எரிபொருளின் விலைக்கு முன்னால் அதன் நம்பகத்தன்மையை வைத்துப் பார்ப்பது எந்த முதலாளியும் செய்யக்கூடிய தேர்வே. ஆலை முதலாளி இதைச் செய்தால் இடர் மேலாண்மை என்கிறோம். விவசாயி செய்தால் பழமைவாதம் என்கிறோம்.

மாற்று எரிபொருள்களில் அதிகம் பரிந்துரைக்கப்படும் மரச்சில்லுகளை எடுத்துக்கொள்வோம். ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் 1 கிலோ சில்லு ஏறத்தாழ 3.4 கிலோவாட் மணி வெப்பம் தரும். ஈரப்பதம் 50 சதவீதமானால் அது 2.2 அளவுக்கு இறங்கிவிடும், ஏனென்றால் எரியும் வெப்பத்தில் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிறது. மேலே சொன்ன ஒரு இரவுக்கு உலர்ந்த சில்லுகளே 5 டன்னுக்கு மேல் வேண்டும். இடத்தால் அளந்தால் ஏறத்தாழ 20 கன மீட்டர். அதைக் கொண்டுவர லாரி, நனையாமல் வைக்கக் கொட்டகை, கொதிகலனுக்குத் தள்ளத் திருகுத் தண்டு, எரிந்தபின் அள்ள வேண்டிய சாம்பல் என்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எரிவாயு என்றால் குழாயைத் திறந்தால் வந்துவிடும். சில்லு என்றால், விரல் நீளத்துக்கு மேற்பட்ட ஒரு மரத்துண்டோ, அள்ளும்போது கலந்துவந்த ஒரு கல்லோ திருகுத் தண்டில் சிக்கிக்கொண்டால் எரிபொருள் வரத்து நின்று, அடுப்பு தணிந்து, அபாய மணி அடிக்கும். நடு இரவில் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு போய், மின்சாரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, தண்டை எதிர்த்திசையில் சுழற்றி அந்தத் துண்டை வெளியே எடுக்க வேண்டும். விற்பனையாளரின் அழகான விளக்கத் தாளில் இந்த ஆளுக்கு இடமில்லை. குடும்பத்தாரை மட்டும் நம்பி நடக்கும் குடிலில் அந்த ஆள் விவசாயியேதான். பெல்லட் எனப்படும் அழுத்தப்பட்ட மரக்குச்சிகள் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைக்கின்றன என்பது சரியே. அவை ஒரே அளவில் இருக்கும், உலர்ந்திருக்கும், இடமும் குறைவாக அடைக்கும். அதற்கேற்ற விலையும் அவற்றுக்கு உண்டு.

இன்னொரு தடை, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அநேகமாகத் தெரிவதே இல்லை. இயற்கை எரிவாயுவை எரிப்பவர் வெப்பத்தோடு கரியமில வாயுவையும் பெறுகிறார். 1 கன மீட்டர் எரிவாயு ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயுவைத் தரும். குளிர்காலத்தில் சன்னல்களை மூடி வைத்த குடிலுக்குள் அடர்ந்த பயிர் பகல் வெளிச்சத்தில் கரியமில வாயுவை உறிஞ்சி, அதன் அளவை வெளிக்காற்றில் இருப்பதற்கும் கீழே இறக்கிவிடும். ஆகவே எரிவாயுக் கொதிகலனின் தூய புகையைக் குளிர்வித்துப் பயிர்களுக்கிடையே விட்டு, வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு என்ற அளவில் இருப்பதை 800 அல்லது 1,000 வரை உயர்த்துகிறார்கள். விளைச்சல் கணிசமாகக் கூடுகிறது. பகலில் வாயுவுக்காக எரிக்கும்போது கிடைக்கும் வெப்பத்தைப் பெரிய வெந்நீர்த் தொட்டியில் சேர்த்துவைத்து இரவில் பயன்படுத்துகிறார்கள். மரத்தின் புகையையோ நிலக்கரியின் புகையையோ அப்படி நேராகப் பயிருக்கு விட முடியாது. அதிலுள்ள மாசுகளைப் பிரித்தெடுக்கும் கருவிகள் விலையுயர்ந்தவை. எரிவாயுவை விடச் சொல்லும்போது நாம் அவரிடம் வெப்பத்தோடு உரத்தையும் சேர்த்து விடச் சொல்கிறோம். இந்த இழப்பைத் தன் கணக்கில் சேர்க்காத எந்த ஆலோசனை அறிக்கையையும் விவசாயி இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிக்க மாட்டார்.

வெளியிலுள்ள காற்றிலிருந்தோ நீரிலிருந்தோ மண்ணிலிருந்தோ வெப்பத்தை இழுத்து உள்ளே தரும் வெப்பப் பம்புகளின் கதை சற்று வேறு. 1 அலகு மின்சாரம் கொடுத்தால் 3 முதல் 4 அலகு வெப்பம் தரும் இயந்திரத்தை யார் வேண்டாமென்பார்கள்? ஆனால் பழைய குடில்களில் ஓடும் இரும்புக் குழாய்கள் 80 டிகிரி வெந்நீருக்காக அளவெடுத்துப் போடப்பட்டவை. அவற்றில் 45 டிகிரி நீரை விட்டால், அதே குழாய் தரும் வெப்பம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நீரை 80 டிகிரிக்கே ஏற்றச் சொன்னால் பம்பின் திறன் சரிகிறது. குழாய்களைக் கூட்டலாம், ஆனால் தரையில் ஓடும் குழாய்களே அறுவடை வண்டிகளுக்குத் தண்டவாளமாகவும் இருப்பதால், அதை மாற்றுவது குடிலின் வேலை முறை முழுவதையும் மாற்றுவதாகும். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்பு, வெப்பம் அதிகம் தேவைப்படும் கடுங்குளிர் இரவிலேயே மிகக் குறைந்த திறனோடு வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகக் கட்டப்படும் குடிலில் இவை எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே சரிசெய்துவிடலாம். பழைய குடிலை வைத்திருப்பவரிடம் அதே உற்சாகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இவ்வளவும் எரிபொருளை மாற்றுவது பற்றியது. சேமிப்பு என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே மூச்சில் ‘பசுமைத் தொழில்நுட்பங்களை ஏற்றல்’ என்று பெயரிட்டுக் கேட்பதால்தான் ஆய்வுகளும் திட்டங்களும் குழம்புகின்றன. எரிபொருளை மாற்றத் தயங்கும் அதே விவசாயி சேமிப்பில் பல படிகள் முன்னே செல்லத் தயாராக இருப்பதையும், சில படிகளில் வீண் பிடிவாதம் பிடிப்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

கூரைக்கடியில் மாலையில் விரித்துக் காலையில் சுருட்டும் வெப்பத் திரை, சேமிப்பு வழிகளில் முதன்மையானது. துணியின் தன்மையையும் விரித்திருக்கும் நேரத்தையும் பொறுத்து, ஆண்டு வெப்பச் செலவில் 20 முதல் 40 சதவீதம் வரை அது குறைக்கக்கூடும். இருந்தும் ஆட்சேபங்கள் எழுகின்றன. அவற்றில் மூன்றை மதித்துக் கேட்க வேண்டும். சுருட்டி வைத்த திரையும் பகலில் ஒரு நிழல் பட்டையை விழச்செய்யும். குளிர்கால வெளிச்சத்தில் 1 சதவீதம் குறைந்தால் விளைச்சலிலும் ஏறத்தாழ 1 சதவீதம் போகும் என்பது தக்காளி விவசாயிகளிடையே வழங்கும் பழைய கணக்கு. அடுத்து, திரைக்கடியில் ஈரம் தேங்கும். இலைகளில் நீர் கோத்தால் சாம்பல் பூஞ்சை வந்துவிடும். மூன்றாவது பனிப்பொழிவு. கூரையில் விழும் பனியை உருக்குவது உள்ளிருந்து கசியும் வெப்பம்தான். திரை அதைத் தடுத்தால் பனி சேர்ந்துகொண்டே போய் அதன் எடையில் கூரையே சரியலாம். ஆகவே பனி கொட்டும் இரவில் திரையைத் திறந்துவிட்டுக் குழாய்களை முழுச் சூட்டில் ஓட்ட வேண்டியிருக்கிறது.

திரையைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இந்த மூன்றையும் சமாளிக்கிறார்கள். ஈரப்பத மானியைப் பார்த்துக்கொண்டு, இரவின் பிற்பகுதியில் திரையில் ஒரு சிறு இடைவெளி விடுவார்கள். ஈரக்காற்று அதன் வழியே மேலேறிக் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து நீராய் வடிந்துவிடும். காலையில் திரையை ஒரேயடியாகச் சுருட்டினால் மேலே தேங்கிய குளிர்காற்று அப்படியே செடிகளின் குருத்தில் இறங்கும் என்பதால், முதலில் சிறிது திறந்து, கூரைப் பகுதி வெதுவெதுப்பானபின் மீதியைத் திறப்பார்கள். இதைப் புத்தகத்தைப் பார்த்துக் கற்க முடியாது. திரை வைத்திருக்கும் பக்கத்துக் குடில்காரரோடு ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவருக்கு அந்த அச்சம் போய்விடுகிறது.

விவசாயிகள் பக்கத்துத் தவறுகளையும் சொல்லத்தான் வேண்டும். எரிபொருள் மலிவாக இருந்த காலத்தில் தோன்றிய ஒரு வழக்கம், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழாயை எப்போதும் ஒரு குறைந்தபட்சச் சூட்டில் வைத்திருப்பது. செடியை அது ‘விழிப்பாக’ வைக்கும் என்பார்கள். ஈரத்தை வெளியேற்றவேண்டிய நேரங்களில் அதற்குப் பயன் உண்டு. வெயில் நன்றாக விழும் நண்பகலிலும் குழாயைச் சூடாக வைத்து, கூடவே கூரைச் சன்னலையும் திறந்து வைப்பதற்கு எந்தப் பயிரியல் காரணமும் இல்லை. காசைக் கொடுத்து வெப்பம் வாங்கி அதை வானத்துக்கு விடுவதுதான் நடக்கிறது. அதேபோல், உடைந்த கண்ணாடிச் சில்லும், சரியாக மூடாத சன்னலும், கதவடியிலுள்ள சந்தும் பல குளிர்காலங்களாக அப்படியே கிடப்பதைப் பார்க்கலாம். செடிகள் பெருமளவில் ஒரு நாள் முழுவதன் சராசரி வெப்பநிலைக்கே பதில் சொல்கின்றன; வெயிலில் இலவசமாகக் கிடைத்த கூடுதல் சூட்டை ஈடாக்கி இரவில் 1 அல்லது 2 டிகிரி இறக்கலாம் என்று பலமுறை காட்டப்பட்டும், வெப்பநிலையை மாற்றும் குமிழைத் தொட மறுப்பவர்கள் உண்டு. வெளியே 5 டிகிரியும் உள்ளே 18 டிகிரியும் இருக்கும் இரவில் 1 டிகிரி இறக்கினாலே இழப்பில் 13-இல் ஒரு பங்கு குறைகிறது. இதற்கு முதலீடு ஏதும் தேவையில்லை என்பதால், இந்தப் பிடிவாதத்துக்கு என்னிடம் அனுதாபமும் இல்லை.

மனப்பான்மையை அளக்கும் ஆய்வுகள் இந்த நுட்பங்களுக்குள் வருவதில்லை. ‘ஆற்றல் சேமிப்பு முக்கியமானது என்று கருதுகிறீர்களா?’ என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாரும் ஆம் என்றே குறிப்பார்கள். ‘மாற்று எரிபொருளுக்கு மாற விருப்பமா?’ என்ற கேள்விக்கும் மரியாதைக்காகவாவது ஆம் வரும். பிறகு சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் கொதிகலன் மாறியிருக்காது. சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி என்று ஒரு கட்டுரை வரும். கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு: கொதிகலன் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் பழுது நீக்குபவர் வந்து சேருவார்? உங்கள் கடன் தவணையை எந்த மாத வருவாயிலிருந்து கட்டுகிறீர்கள்? உங்களுக்குப் பின் இந்தக் குடிலை நடத்த வீட்டில் யாராவது இருக்கிறார்களா? ஓய்வுபெற ஐந்தாறு ஆண்டுகளே இருக்கும் ஒருவர், போட்ட பணம் பத்தாண்டுகளில் திரும்பும் முதலீட்டை மறுப்பதற்கு அவரது சுற்றுச்சூழல் உணர்வோடு எந்தத் தொடர்பும் இல்லை.

விவசாயிகள் புதியதை எப்படி ஏற்கிறார்கள் என்பதில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை பரவியதைப் பற்றிப் பிரைஸ் ரயனும் நீல் கிராஸும் 1943-இல் வெளியிட்டது. 259 விவசாயிகளிடம் விசாரித்ததில், விதையைப் பற்றிய செய்தியைப் பலர் முதலில் விற்பனையாளர்களிடமிருந்து அறிந்திருந்தாலும், விதைக்கத் துணிந்ததற்கு அண்டை விவசாயிகளே பெரும் காரணமாக இருந்தார்கள் என்று தெரிந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது, அவர்கள் முதல் ஆண்டில் நிலம் முழுவதும் விதைக்காமல், ஒரு சிறு பகுதியில் விதைத்துப் பார்த்துவிட்டு ஆண்டுக்கு ஆண்டு பரப்பைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பது. விதைக்கு அது முடியும். வெப்பத் திரைக்கும் முடியும். ஒரு பிரிவில் போட்டு ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டு மற்ற பிரிவுகளுக்குப் போகலாம். இரட்டைப் பாலித்தீன் தாளுக்கும் முடியும்: இடையில் சிறு ஊதியால் காற்றடைத்த இரண்டு அடுக்குகள், ஒற்றை அடுக்கைவிட வெப்ப இழப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன, அதை ஒரே ஒரு குடிலில் வைத்துப் பார்க்கலாம். கொதிகலனை அப்படிப் பகுதியாக வாங்கிப் பார்க்க முடியாது. ஒரே தீர்மானத்தில் முழுக் குடிலையும் பணயம் வைக்கவேண்டிய மாற்றத்துக்கும், ஓர் ஓரத்தில் சோதிக்கக்கூடிய மாற்றத்துக்கும் ஒரே வேகத்தை எதிர்பார்ப்பது திட்டமிடுபவரின் பிழை.

ஆகவேதான் வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் சந்துகளை அடைப்பது, திரை போடுவது, வடபுறச் சுவருக்குக் காப்பு இடுவது, வெப்பநிலைக் குமிழைச் சரிசெய்வது, அதன்பின் கொதிகலன். மேலே சொன்ன 1,440 கிலோவாட் இழப்பு திரையால் 40 சதவீதம் குறையுமானால் 864 கிலோவாட் போதும். புதிய எரிபொருளுக்கான கொதிகலனும், கொட்டகையும், லாரியின் வருகையும், கடனும் அதே விகிதத்தில் சிறுத்துப்போகும். பனி கொட்டும் இரவுக்குப் பழைய கொதிகலனைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆண்டில் சில இரவுகள் மட்டும் அது எரிவதால் கொள்கை ஒன்றும் கெட்டுவிடாது. நடப்பதோ தலைகீழ். கொதிகலனுக்கு மானியம் தாராளமாகக் கிடைக்கிறது, ஏனென்றால் அதைத் திறந்துவைத்துப் புகைப்படம் எடுக்க முடியும். சந்து அடைப்பதற்கு விழா எடுப்பவர் யாருமில்லை. ஒழுகும் குடிலுக்குப் பெரிய கொதிகலன் பொருத்தப்படுகிறது. மறு ஆண்டு திரை போட்டபின் அந்தக் கொதிகலன் அளவுக்கு மீறிப் பெரிதாகி, குறைந்த சுமையில் அரைகுறையாக எரிந்து புகையையும் கரியையும் கூட்டுகிறது. பிறகு மாற்று எரிபொருள் சரிவராது என்ற பெயர் வட்டாரமெங்கும் பரவுகிறது. அந்தப் பெயர் ஒருமுறை பரவிவிட்டால் எந்த முகாமாலும் அதை மாற்ற முடிவதில்லை.

விலையின் வரலாறும் விவசாயிகளின் நினைவில் இருக்கிறது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது பசுமைக்குடில்களில் ஆற்றல் சேமிப்பு பற்றிய ஆராய்ச்சி வேகமெடுத்தது. திரைகளும் இரட்டைக் கூரைகளும் பரவின. 1986-இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தபோது, விலை உயர்ந்தே இருக்கும் என்று நம்பி முதல் போட்டவர்களின் கணக்குகள் பொய்த்தன. பிறகு 2022-இல் ஐரோப்பாவில் எரிவாயு விலை, உச்சத்தில், முந்தைய ஆண்டுகளின் வழக்கமான விலையைப்போல் பத்து மடங்குக்கும் மேல் போனது. நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் பல குடில்கள் அந்தக் குளிர்காலத்தில் நடவு செய்யாமல் வெறுமையாகக் கிடந்தன, நட்டவர்கள் பலர் நடவைத் தள்ளிப்போட்டார்கள் அல்லது வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டார்கள். இப்படி இரண்டு பக்கமும் அடிவாங்கியவருக்கு, ‘எரிபொருள் விலை இனி ஏறிக்கொண்டேதான் போகும், ஆகவே இப்போதே மாறுங்கள்’ என்ற வாதம் எடுபடாது. எந்த விலையிலும் பயன்தரும் சேமிப்பு எடுபடும்.

இடரைப் பகிர்ந்துகொண்ட இடங்களில் மனப்பான்மை மாறியிருக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. ஐஸ்லாந்தில் 1924 முதலே புவிவெப்பத்தால் குடில்கள் சூடேற்றப்படுகின்றன. அங்கே வெந்நீர் மேற்பரப்பிலேயே கிடைப்பதால் அதைத் தனி விஷயமாக வைத்துவிடலாம். நெதர்லாந்தில் அப்படியில்லை. பிளைஸ்வைக் என்ற ஊரில் ஒரு தக்காளிப் பண்ணைக்காக 2007-இல் ஆழ்குழாய் தோண்டப்பட்டபோது, போட்ட பணத்துக்கு வெந்நீர் கிடைக்குமா என்பதே பெரிய கேள்வி. ஒரு துளையிலிருந்து எதிர்பார்த்த அளவு வெப்பம் வராவிட்டால் இழப்பின் ஒரு பகுதியை ஏற்கும் உத்தரவாதத் திட்டத்தை அந்நாட்டு அரசு ஏற்படுத்தியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பல பண்ணைகள், பெரும்பாலும் பலர் கூடி ஒரே துளையைப் பகிர்ந்துகொண்டு, அந்த வழியில் வந்தன. அந்த விவசாயிகளிடம் சுற்றுச்சூழல் பற்று திடீரென்று பெருகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. தோல்வியடைந்தால் யார் பணம் போகும் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது, அவ்வளவே.

சீனாவின் வடபகுதியில் பரவியுள்ள சூரியக் குடில்கள் மறுகோடிக்கு உதாரணம். வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் கனமான மண் அல்லது செங்கல் சுவர், தெற்கில் சாய்வான பிளாஸ்டிக் தாள், மாலையில் அதன்மேல் உருட்டிவிடும் தடித்த போர்வை. பகலில் சுவரில் ஏறிய வெயில் இரவில் உள்ளே இறங்க, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி இருக்கும்போதும் பல இடங்களில் சிறிதும் எரிபொருள் இன்றியோ மிகக் குறைவாகச் செலவிட்டோ காய்கறி விளைகிறது. இடத்தை நிறைய அடைக்கும், கண்ணாடிக் குடிலின் விளைச்சல் இராது, உடலுழைப்பும் அதிகம். ஆனால் சிறு விவசாயிகள் அதைத் தாமாகவே, ஒருவரைப் பார்த்து ஒருவர், பெருமளவில் கட்டிக்கொண்டார்கள். தங்களால் செலவிட முடிந்த பொருளாலும் தாங்களே பழுதுபார்க்கத் தெரிந்த முறையாலும் ஆனது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதை எழுதும்போது ஒரு எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். சேமித்த பணத்தைக் கொண்டு விவசாயி வெப்பநிலையை உயர்த்துவார், பருவத்தை நீட்டுவார், கடைசியில் எரிபொருள் செலவு குறையாது என்கிறார்கள். சில குடில்களில் அப்படி நடப்பது உண்மை. அதைக் கண்டுபிடிக்கவும் தடுக்கவும் அளவீடு வேண்டும். பெரும்பாலான சிறு பண்ணைகளில் மொத்த எரிபொருளுக்கு ஒரே மீட்டர்தான் இருக்கிறது, எந்தக் குடில் எவ்வளவு குடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு குடிலுக்கும் ஒரு வெப்ப மீட்டர் பொருத்துவதை மானியத்தின் முதல் தவணையாக்கினால், எந்த இடைவெளியை அடைக்க வேண்டும் என்பதை விவசாயியே சொல்லிவிடுவார். அரசுக்கும் தான் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று தெரியும்.

குத்தகைக் குடில்களின் நிலையைத் திட்டம் வகுப்போர் தனியே கவனிக்க வேண்டும். அங்கே கூரையும் கொதிகலனும் உரிமையாளருடையவை, எரிபொருள் ரசீது குத்தகைதாரருடையது. திரை போடுவதற்கான செலவை உரிமையாளர் ஏற்க மாட்டார், ஏனென்றால் அதன் லாபம் அவருக்கு வராது. குத்தகைதாரர் ஏற்க மாட்டார், ஏனென்றால் சில ஆண்டுகளில் திரையை விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கும். இருவரையும் தனித்தனியே கேட்டால் இருவரும் ஆற்றல் சேமிப்பை ஆதரிப்பதாகவே சொல்வார்கள், அதுவும் பொய்யாக இராது. குத்தகை முடியும்போது திரையின் எஞ்சிய மதிப்பை உரிமையாளர் திருப்பித்தர வேண்டும் என்ற ஒரு விதியை மானிய நிபந்தனையிலும் ஒப்பந்தப் படிவத்திலும் சேர்ப்பது கடினமான காரியமில்லை. அடுத்த மானிய அறிவிப்பில் அதை எழுதிச் சேர்க்குமாறு சம்பந்தப்பட்ட துறையினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்